விளிம்பில் ஓடும் மூன்று கோடுகள்

தஞ்சாவூரில் வாங்கிய வீணை எங்கள் தில்லி வீட்டுக்கு வந்த முதல் மே மாதத்தில், குடத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் பட்டை ஒரு விரல் நீளத்துக்கு எழும்பி நின்றது. வெளியே லூ காற்று வீசிக்கொண்டிருந்தது. வெயில் 45 டிகிரியைத் தொட்டிருந்தது. பலா மரம் தன்னிடமிருந்த ஈரத்தை விட்டுச் சுருங்கியது. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் அதோடு சேர்ந்து சுருங்கவில்லை. நடுவில் இருந்த பசைதான் இரண்டுக்கும் ஈடுகொடுக்க முடியாமல் விட்டுவிட்டது. வாசிக்க உட்காரும்போதெல்லாம் மகளின் தாவணி அந்த முனையில் சிக்கிக்கொள்ளும்.

பிளாஸ்டிக்கை மறுபடி ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. மரத்துக்கு மரமே துணை என்று தோன்றியது. ஆனால் மரத்தில் செய்த ஓரப்பட்டை தில்லியில் எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை.

இந்த மலரைப் படிக்கும் தில்லித் தமிழர்களுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நேதாஜியின் படைப் பெயரைத் தாங்கிய அந்தச் சந்துகளில்தான் நமக்கு முருங்கைக்காயும் வாழைப்பூவும் வாடாத கறிவேப்பிலையும் கிடைக்கின்றன. அன்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பைகளில் காய்கறியோடு சாலையைக் கடந்து எதிரே இருக்கும் தில்லி ஹாட்டுக்குள் நுழைந்தேன். 1994-இல் தொடங்கிய இடம். நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும் கைவினைஞர்கள் முறை வைத்து வந்து சில நாள் கடை போட்டுவிட்டுப் போவார்கள். அன்று மைசூரிலிருந்து வந்திருந்த ஒருவர் ஈட்டி மரப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். ஒரு பெட்டியின் மூடியைச் சுற்றிக் கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று மூன்று கோடுகள் மயிரிழை பிசகாமல் ஓடின.

"இது பிளாஸ்டிக்கா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க சார், மரம்தான். நகத்தால் கீறிப் பாருங்க" என்றார். மைசூர்த் தமிழ். "மூணு தகடு ஒட்டி, வாரா அறுத்து, காடி எடுத்துப் பதிச்சது."

அந்த ஒரு வாக்கியத்தில் இந்தக் கலையின் மொத்தச் செய்முறையும் அடங்கியிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் அந்த மூன்று கோடுகளின் பின்னாலேயே போனேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கிட்டார், வயலின் செய்கிறவர்கள் இதைப் பர்ஃப்ளிங் என்பார்கள். வாத்தியத்தின் மேல்பலகையும் பக்கச் சுவரும் சேரும் முனையை மூடி ஓடும் பட்டை பைண்டிங். அதை ஒட்டி உள்பக்கமாக ஓடும் மெல்லிய கோடுகள் பர்ஃப்ளிங். முதலாவதை விளிம்புச் சட்டம் என்றும் இரண்டாவதை ஓர இழை என்றும் சொல்கிறேன். பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் அலங்காரம். வாத்தியத்துக்கு இரண்டும் காவல்.

கிட்டாரின் மேல்பலகை ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் தடிமன்தான். பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரம். அதன் நார் தலையிலிருந்து அடி வரை நேராக ஓடுகிறது. ஆகவே பலகையின் மேல் வளைவிலும் கீழ் வளைவிலும் நாரின் வாய் திறந்தே இருக்கும். ஈரம் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. வறட்சியும் அங்கேதான் முதலில் பிடிக்கிறது. ஓரத்தில் ஒரு சின்ன அடி பட்டாலும் நாரோடு பிளவு உள்ளே ஓடிவிடும். விளிம்புச் சட்டம் நாரின் வாயை அடைக்கிறது. வயலினைப் போல விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாத்தியங்களில் ஓர இழை அந்தப் பிளவைத் தடுத்து நிறுத்துகிறது. மே மாதம் உலர்ந்து ஜூலையில் ஊறும் தில்லியில் வாத்தியம் வைத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதை விளக்க வேண்டாம்.

இந்தக் கலையின் மேற்கத்திய மரபை வயலினிலிருந்து தொடங்குவதுதான் முறை. இத்தாலியின் கிரெமோனா நகரில் 16-ஆம் நூற்றாண்டில் ஆந்திரேயா அமாத்தி வகுத்த வழியில், விளிம்பிலிருந்து ஏறக்குறைய 4 மி.மீ. உள்ளே தள்ளி ஒரு குறுகிய காடி (பள்ளம்) வெட்டி, அதில் மூன்று இழைகளை இறக்குவார்கள். மூன்றும் சேர்ந்து ஒன்றேகால் மி.மீ. அகலம்தான். ஸ்த்ராதிவாரி கறுப்புக்குச் சாயமேற்றிய பேரி மரத்தையும் வெள்ளைக்குப் பாப்லர் மரத்தையும் எடுத்துக்கொண்டார். நான்கு மூலைகளிலும் இரு பக்கத்து இழைகள் சந்திக்கும் இடத்தில் கறுப்பு முனை தேனீயின் கொடுக்கைப் போல ஒரு பக்கமாக நீண்டு முடியும். அந்த முனையை வைத்தே செய்தவர் கையை அடையாளம் சொல்லும் நிபுணர்கள் உண்டு. பக்கத்து ஊரான பிரேஷாவில் காஸ்பாரோ த சாலோவும் மஜ்ஜீனியும் இழையை இரண்டு வரிசையாக ஓடவிட்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் கறுப்புக்கு மரத்தை விட்டுவிட்டுத் திமிங்கலத்தின் வாய்ச் சல்லடைத் தகட்டை எடுத்தார்கள். அது மரத்தைவிட நன்றாக வளையும். கடல் வணிகத்தில் செழித்த ஊர் தன் துறைமுகத்தில் கிடைத்ததை வாத்தியத்தில் வைத்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஊர்மண் இப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது.

கிட்டாருக்கு வந்தால் இரண்டு பெரிய மரபுகள். ஒன்று ஸ்பெயின். அல்மேரியாவில் பிறந்த அந்தோனியோ தெ தோரஸ் (1817-1892) இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் உருவத்தை வகுத்தவர். மேல்பலகைதான் ஒலி என்பதைக் காட்ட 1862-இல் பின்புறத்தையும் பக்கங்களையும் காகித அட்டையாலேயே செய்து ஒரு கிட்டாரை உருவாக்கினார்; அது பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேல்பலகைக்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்தவர் அதன் ஓரத்தையும் ஒலித்துளையைச் சுற்றிய வட்டத்தையும் இழைத்து இழைத்துச் செய்தார். ஸ்பெயினின் கிரனாடாவில் தராசேயா என்று ஒரு மரவேலை, அங்கே முஸ்லிம் மன்னர்கள் ஆண்ட காலத்திலிருந்து தொடர்கிறது. வண்ண மரக் குச்சிகளைக் கட்டாக ஒட்டி, கட்டைக் குறுக்கே சீவி, சீவலைப் பெட்டியில் ஒட்டுவார்கள். ஸ்பானிய கிட்டாரின் துளை வட்டத்தில் இருக்கும் பொடிப் பொடிச் சதுரங்களும் இதே வழியில் செய்தவைதான்.

இன்னொன்று ஜெர்மனி வழியாக அமெரிக்கா போன மரபு. சாக்ஸனியின் மார்க்நொய்கிர்ஷன் ஊரில் வயலின் செய்கிறவர்களின் சங்கம், தச்சர்கள் கிட்டார் செய்யக் கூடாது என்று வழக்காடியது. அந்தத் தச்சர் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த கிறிஸ்டியன் பிரெடெரிக் மார்ட்டின் 1833-இல் நியூயார்க்குக்குக் கப்பலேறினார். பிறகு பென்சில்வேனியாவின் நாசரேத்தில் குடியேறினார். அவர் பெயரிலான நிறுவனம் இன்றும் கிட்டார் செய்கிறது. அங்கே ஓர வேலையை வைத்தே வாத்தியத்தின் தரவரிசையைச் சொல்லிவிடலாம். 18 என்ற எண் எளிமையான ஓரம். 28 என்றால் அந்நாளில் மீன்முள் போலச் சாய்ந்து சாய்ந்து ஓடும் ஹெரிங்போன் இழை. 45 என்றால் கடற்சிப்பி. அந்த மீன்முள் இழையை மார்ட்டின் நிறுவனம் ஜெர்மனியிலிருந்துதான் வரவழைத்தது. இரண்டாம் உலகப் போரில் வரத்து நின்று, கையிருப்பும் தீர்ந்து, 1947-இல் 28-இன் ஓரத்தில் வெறும் கறுப்பு வெள்ளைக் கோடுகள் வந்துவிட்டன. 1976-இல் மீன்முள் திரும்பி வந்தபோது அதற்காகவே ஒரு புது மாடலுக்குப் பெயர் வைத்தார்கள். இரண்டு மி.மீ. அகல மரப்பட்டைக்கு முப்பது ஆண்டுகள் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மிகுந்த மதிப்போடு சொல்கிறேன்.

இனிச் செய்முறை. இதை நிதானமாகச் சொல்ல ஆசை.

முதலில் வெனீர் தகடு. அரை மி.மீ. தடிமன் போதும். கறுப்புக்குக் கருங்காலி எடுக்கலாம். ஆனால் அது வளைக்கும்போது முறியும். ஆகவே வெளிர் மரத்தில் கறுப்புச் சாயம் ஏற்றுவது எங்கும் உள்ள வழக்கம். சாயம் மேலாகப் படிந்தால் போதாது, தகட்டின் ஊடே போக வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் சுரண்டும்போது உள்ளிருந்து வெளிறிய மரம் எட்டிப் பார்க்கும். நம் கலம்காரிக்காரர்கள் கடுக்காய்த் துவர்ப்பையும் துருப்பிடித்த இரும்பு ஊறிய நீரையும் சேர்த்துத் துணியில் எடுக்கும் கறுப்பு, மரத்திலும் அதே வேதிமுறையில்தான் பிடிக்கிறது. துவர்ப்பு இருக்கும் மரத்தில் இரும்பு நீர் பட்டால் கறுத்துவிடும்.

கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று மூன்று தகடுகளையும் நார் ஒரே திசையில் நீளவாக்கில் ஓடும்படி அடுக்கிப் பசை தடவி, இரண்டு சமதளப் பலகைகளுக்கு நடுவில் வைத்து இறுக்க வேண்டும். பலகையோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மெழுகுத்தாள். முதல் முறை நான் பசையைத் தாராளமாகத் தடவினேன். நீர் கலந்த வெள்ளைப் பசை அது. தகடு ஈரத்தைக் குடித்து, இறுக்குவதற்குள் அப்பளம் போலச் சுருண்டது. பசை மெல்லிய படலமாக இருக்க வேண்டும், கை வேகமாக இருக்க வேண்டும், பிறகு ஒரு இரவு முழுக்க இறுக்கம் தளரக் கூடாது.

மறுநாள் கிடைப்பது ஒன்றரை மி.மீ. தடிமனுள்ள ஒரு மூவடுக்குத் தகடு. அதன் ஓரத்தை இழைப்புளியால் நேராக்கி, இரண்டு மி.மீ. வாராக அறுத்தால் ஓர இழை. கிட்டாரில் ஒரு பக்கத்துக்கு 80 செ.மீ. போல நீளம் வேண்டும். இரண்டு பக்கமும் அடியில் வந்து சேரும். அறுத்த வார் எவ்வளவு கவனமாக அறுத்தாலும் சில இடத்தில் தடிப்பாகவும் சில இடத்தில் மெலிவாகவும் இருக்கும். அதற்கு ஒரு பழைய உபாயம் உண்டு. ஒரு கட்டையின் மேல் சுரண்டும் தகட்டை நிமிர்த்திப் பொருத்தி, இரண்டுக்கும் நடுவில் தேவையான இடைவெளியை மட்டும் விட்டு, வாரை அதன் வழியே இழுப்பார்கள். தட்டான் கம்பியை அச்சில் விட்டு இழுப்பது போல. ஐந்தாறு இழுப்பில் வார் ஒரே சீராகிவிடும். தேங்காய்த் துருவலைவிட மெல்லிய சுருளாக மரம் உரிந்து விழும்.

மீன்முள் வேண்டுமென்றால் வேலை இரண்டு மடங்கு. கறுப்பும் வெள்ளையுமாகப் பல தகடுகளை அடுக்கி ஒரு கட்டையாக ஒட்டி, அந்தக் கட்டையைச் சாய்வாக, 45 பாகையில், துண்டு துண்டாக அறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் சாய்ந்த வரிகள் தெரியும். ஒன்று இந்தப் பக்கம் சாய, இன்னொன்று அந்தப் பக்கம் சாய, இரண்டையும் முகம் பார்த்து ஒட்டி, இரு புறமும் முழு நீளத் தகட்டால் அணைத்து, மறுபடி வாராக அறுத்தால் மீன்முள் ஓடும். உள்ளே இருப்பதெல்லாம் நார் குறுக்காக அறுபட்ட சின்னத் துணுக்குகள். தனியே எடுத்தால் விரலிலேயே உதிர்ந்துவிடும். அணைத்திருக்கும் இரண்டு நீளத் தகடுகள்தான் அவற்றைத் தாங்குகின்றன.

வளைப்பதில்தான் பலர் தோற்கிறார்கள். கிட்டாரின் இடுப்பு வளைவுக்கு இழையைச் சூடான குழாயின் மேல் அழுத்தி வளைக்க வேண்டும். வெள்ளைப் பசை சூட்டில் இளகும், அடுக்குகள் விரிந்துவிடும். நம் தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரமும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகக் கூடியதுதான். அதனால் சிலர் மூன்று தகடுகளையும் ஒட்டாமலே ஒன்றாக வளைத்து, வளைந்த அச்சிலேயே வைத்து ஒட்டுகிறார்கள். சிலர் சூட்டை அதைவிட அதிகம் தாங்கும் பசையைப் பயன்படுத்துகிறார்கள். என் முடிவு இது: இழைக்கும் இழைக்கும் நடுவே பிரியாத பசை, இழைக்கும் வாத்தியத்துக்கும் நடுவே, நாளைக்கு ஒரு தச்சர் சூடு காட்டிப் பிரித்தெடுக்கக் கூடிய பசை. வாத்தியம் நம்மைவிட நீண்ட காலம் வாழப் போகிறது. அதைத் திறந்து பழுது பார்க்கிறவருக்கு வழி விட்டு வைப்பது நம் கடமை.

காடியில் இழையை இறக்கி, துணி நாடாவால் வாத்தியத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டி உலரவிட வேண்டும். பிறகு சுரண்டிச் சமன் செய்ய வேண்டும். இங்கே ஒரு ஆபத்து உண்டு. கறுப்பு இழையின் தூள் ஸ்ப்ரூஸ் பலகையின் துளைகளில் புகுந்து அழுக்காக்கிவிடும். மெருகு போடும்போது கறுப்புச் சாயம் கசிந்து வெள்ளைக் கோட்டில் ஏறும். சுரண்டுவதற்கு முன்பே அரக்குக் கரைசலை ஒரு கை பூசிவிட்டால் இரண்டும் குறையும். உலகின் மிக உயர்ந்த கிளாசிக்கல் கிட்டார்களில் பலவற்றுக்கு இன்றும் மெருகு அரக்குதான். அந்த அரக்கை விளைவிப்பதில் நம் ஜார்க்கண்டுக்குத் தனி இடம் உண்டு.

மைசூர்க்காரர் சொன்ன 'ஒட்டி, அறுத்து, பதித்து' என்ற முறை நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஈரானின் ஷிராஸ் நகரில் காத்தம் என்றொரு வேலை. மரம், ஒட்டக எலும்பு, பித்தளை ஆகியவற்றை முக்கோணக் குச்சிகளாக்கி, நட்சத்திரம் தெரியும்படி கட்டாக ஒட்டி, குறுக்கே மெல்லச் சீவுவார்கள். தார், செத்தார் போன்ற பாரசீகத் தந்தி வாத்தியங்களிலும் அது ஏறும். இதன் உறவு சிந்து வழியாகக் குஜராத்துக்கு வந்து சூரத்திலும் பம்பாயிலும் சதேலி ஆனது. தந்தம், கொம்பு, ஈயம் போன்ற உலோகம், கருங்காலி, சந்தனம், பதிமுகம் எல்லாம் குச்சிகளாகி, கட்டாகி, சீவலாகிப் பெட்டிகளின் மேல் படிந்தன. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கண்காட்சிகளுக்குப் போன 'பம்பாய்ப் பெட்டி'கள் இவைதான். சூரத்தின் பார்சிகளில் பெட்டிகாரா என்று ஒரு குடும்பப் பெயர் இருக்கிறது. பெட்டி செய்கிறவர் என்று பொருள். அந்தச் சொல்லைக் கேட்டபோது எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்தது போல இருந்தது. இன்று சதேலி செய்யும் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவை.

சதேலிக் கட்டை ஒன்றை நீளவாக்கில் கொஞ்சம் மாற்றி அறுத்தால் அது ஒரு உயர்ந்த கிட்டார் ஓர இழை. கிரனாடாக்காரர்கள் தங்கள் பெட்டி வேலையையும் கிட்டாரையும் ஒரே ஊரில் வளர்த்தார்கள். நாம் சூரத்தின் பெட்டியையும் தஞ்சாவூரின் வீணையையும் ஒரு முறைகூடச் சந்திக்க வைக்கவில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த குறைகளில் இது ஒன்று.

மைசூர்ப் பள்ளி வேறு. அங்கே கட்டைச் சீவல் கிடையாது. ஈட்டி மரத்தில் படத்தை வரைந்து, அந்த உருவத்துக்குக் குழி எடுத்து, பல நிற மரத் துண்டுகளை மெல்லிய ரம்பத்தால் அறுத்து உட்கார வைப்பார்கள். மஞ்சளுக்குப் பலா, கறுப்புக்குக் கருங்காலி. சாயத்தைவிட மரத்தின் சொந்த நிறத்தை நம்பும் பள்ளி அது. எனக்கு அதில் மிகுந்த பிடிப்பு. அம்பா விலாஸ் அரண்மனையில் தந்தம் பதித்த ஈட்டி மரக் கதவைப் பார்த்தவர்கள் அந்தக் கை எவ்வளவு உயரம் போனது என்று அறிவார்கள். அந்த வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பஞ்சாபின் ஹோஷியார்பூரிலும் சீஷம் மரத்தில் தந்தம் பதித்தார்கள். இன்று அங்கே பெரும்பாலும் பிளாஸ்டிக்.

தந்தம் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-இல் வந்த திருத்தம் இந்திய யானைத் தந்த வியாபாரத்தை நிறுத்தியது. 1991-இல் ஆப்பிரிக்கத் தந்தமும் நின்றது. நிறுத்தியது சரி. ஒரு கோடு அழகாக ஓடுவதற்காக ஒரு யானை சாகத் தேவையில்லை. மான் கொம்பும் இன்று சட்டத்துக்கு உட்பட்ட பொருள். ஆனால் அந்த இடத்தை நாம் மரத்துக்குக் கொடுத்திருக்கலாம். பிளாஸ்டிக்குக்குக் கொடுத்துவிட்டோம்.

தஞ்சாவூர் வீணையைப் பாருங்கள். ரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் 24 மெட்டு வீணை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஒரே பலா மரத்தில் குடையும் ஏகாண்ட வீணையானாலும், குடமும் தண்டியும் தனித்தனியே செய்து சேர்க்கும் ஒட்டு வீணையானாலும், யாளி முகத்திலிருந்து குடத்தின் வட்டம் வரை செதுக்கும் கை இன்னும் குறையவில்லை. அந்த உளியோடு ஒப்பிட்டால் ஓரத்தில் ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் வாத்தியத்தின் தகுதிக்குக் குறைவானது. இதை அந்த ஆசாரிகளின் குற்றமாகச் சொல்லவில்லை. தந்தத்தின் வெள்ளையை எதிர்பார்த்துக் கேட்டவர்கள் நாம்; மலிவாகவும் வேண்டும் என்றவர்களும் நாமே.

தில்லியின் சித்தார் மரபிலும் இதே கதை. 1920-இல் லாகூரில் தொடங்கி, பிரிவினைக்குப் பின் தில்லிக்கு வந்து கனாட் பிளேஸில் நிலைத்த ரிக்கி ராம் கடையில் ரவிசங்கரின் சித்தார்கள் உருவாகின. 1966-இல் பீட்டில்ஸ் குழுவினர் தில்லி வந்தபோது வாத்தியம் வாங்கியதும் அங்கேதான். சித்தாரில் இரண்டு பாணிகள் உண்டு. ரவிசங்கர் வழியில் கீழ்ச் சுரத் தந்திகளும் நிறைந்த செதுக்கலும் ஓரம் முழுக்கப் பட்டையும். விலாயத் கான் வழியில் தந்திகள் குறைவு, அலங்காரமும் குறைவு. ஓர வேலையின் அளவே ஒரு இசைக் கொள்கையைச் சொல்லிவிடுகிறது. பழைய சித்தார்களிலும் கிட்டார்களிலும் ஓரத்துக்கு வந்த செல்லுலாய்டு ஆண்டுகள் போகப் போகத் தானாகச் சுருங்கும். இடுப்பு வளைவில் உடம்பை விட்டு விலகி நாண் போல நிற்கும். பழுது பார்க்கும் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

கிட்டார் உலகம் முழுவதும் பின்புறத்துக்கும் பக்கத்துக்கும் தேடுகிற மரம் நம் ஈட்டி. நீலகிரியிலும் வயநாட்டிலும் குடகிலும் வளரும் அதே மரம். பிரேசில் ஈட்டி அரிதானபோது 1969 வாக்கில் மார்ட்டின் இந்திய ஈட்டிக்கு மாறியது, மற்றவர்களும் மாறினார்கள். 2017 ஜனவரியில், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, ஈட்டியின் பேரினம் முழுவதையும் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. 2019-இல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கொடுத்தது. வாத்தியமாகப் போனால் தடையில்லை, மரமாகப் போனால் சான்றிதழ் வேண்டும். உலகத்தின் உயர்ந்த கிட்டார்களுக்கு உடம்பு கொடுக்கும் நாடு, தன் ஊரில் செய்யும் மலிவான கிட்டார்களில் ஓர இழை இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக்கையோ வெறும் பெயின்ட் கோட்டையோ வைக்கிறது.

வாங்கப் போகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? வாத்தியத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் கோட்டை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். வெள்ளைக் கோட்டின் அகலம் தோளிலும் இடுப்பிலும் அடியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இடுப்பில் மட்டும் மெலிந்திருந்தால் காடி சரியாக வெட்டவில்லை, அதிகம் சுரண்டித்தான் சமன் செய்திருக்கிறார்கள். அடியில் இரு பக்க இழைகளும் சேரும் மூலையைப் பாருங்கள். கறுப்பு கறுப்போடும் வெள்ளை வெள்ளையோடும் சாய்வாகச் சந்தித்தால் நல்ல கை. ஒன்று இன்னொன்றின் மேல் முட்டி நின்றால் அவசரக் கை. வெள்ளைக் கோடு சாம்பல் பூத்திருந்தால் சாயம் கசிந்திருக்கிறது. இழைக்கும் பலகைக்கும் நடுவே நகம் நுழையும் இடுக்கில் மரத்தூளும் பசையும் அடைத்திருந்தால், அது நாளை திறக்கப் போகும் வாய். கடைசியாக அளவு. கோடு மெல்லியதாக இருக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்க்கும்போது ஓரம் முதலில் கண்ணில் பட்டால் வேலை கூடிவிட்டது என்று பொருள். கிரெமோனாவின் ஒன்றேகால் மி.மீ. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்பது அதனால்தான்.

எங்கள் வீணைக்கு நான் செய்த இழையில் இதில் சில குறைகள் உண்டு. மூலைச் சந்திப்பு ஒரு இடத்தில் அரை மயிரிழை விலகித்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு மே மாதங்கள் போய்விட்டன. மரம் மரத்தோடு சேர்ந்து சுருங்கி, மழையில் சேர்ந்து விரிந்தது. எங்கும் எழும்பவில்லை.

தஞ்சாவூரில் வீணைக்குச் சொல்லி வைக்கப் போகிறவர்கள், பிள்ளைக்குக் கிட்டார் செய்யச் சொல்லப் போகிறவர்கள், ஆசாரியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "ஓரத்துக்கு மர இழை வையுங்கள் ஐயா, அதற்கான கூலியைத் தருகிறோம்." ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு எதிர்ப்புறம் போகிறவர்கள், அன்று மைசூர்க் கடையோ சூரத்துக் கடையோ இருந்தால், பெட்டியை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ஒரு முழம் ஓர இழை அறுத்துத் தருவீர்களா என்று கேளுங்கள். என்னிடம் அந்த மைசூர்க்காரர் மூன்று முழம் கொடுத்தார். வீட்டில் நான் பழகிக்கொண்டது அதை அளவாக வைத்துத்தான்.